தோசைக்கல்லா, தலையா? தேங்காய் எண்ணெய் நம்ம தோலுக்கு வந்த கதை

1/ ஒரே எண்ணெய். ஒரே செக்கு. ஒரே பாட்டில். ஆனா சமையல் எண்ணெய்னு சொன்னா ஒரு வரி, தலைக்குத் தேய்க்கற எண்ணெய்னு சொன்னா அதைவிட அதிக வரி. "தேங்காய் எண்ணெய் சாப்பிடறதா, தேய்க்கறதா?"ன்னு கேட்டு நம்ம நாட்டுல வரி அதிகாரிகளும் கம்பெனிகளும் பல வருஷம் வழக்கு நடத்துனாங்க. கடைசியில சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியதாப் போச்சு. இந்தக் கதையை முழுசாச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையாப் படிங்க மக்களே.

2/ ஏன் இந்தக் கதை? கிணத்துக்கடவுல இருந்து பொள்ளாச்சி போற வழியில ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு. இங்க வர்ற நோயாளிங்க தோல் பிரச்சினைன்னா முதல்ல கேக்கறதே "தேங்காண்ணை தேய்க்கலாமுங்களா டாக்டர்?"தான். கடையில வாங்கற கிரீம், சோப்பு, பேபி ஆயில் எல்லாத்துலயும் "இயற்கை", "பாரம்பரியம்"னு ஒட்டியிருக்கு. அந்த ரெண்டு வார்த்தையும் எந்த அளவுக்கு நிஜம்னு வரலாறைப் பார்த்தாத்தான் தெரியும்.

3/ முதல்ல பேரைப் பாருங்க. எள் + நெய் = எண்ணெய். பழைய தமிழ்ல "நெய்"னா பொதுவா பிசுபிசுப்பான கொழுப்பு. எள்ளுல இருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். அதாவது தமிழனுக்கு எண்ணெய்னாலே முதல்ல நல்லெண்ணெய்தான். மத்ததெல்லாம் பின்னாடி அந்தப் பேரைக் கடன் வாங்கிக்கிட்டது. கடலை எண்ணெய், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே அப்படித்தான்.

4/ பாலக்காட்டுக் கணவாய் தாண்டி அந்தப் பக்கம் போனா கதை வேற. மலையாளத்துல தேங்காய் எண்ணெய்க்குப் பேரு "வெளிச்செண்ண". வெளிச்சத்துக்கான எண்ணெய், அதாவது விளக்கு எரிக்கற எண்ணெய். நம்ம பக்கம் அந்தப் பேரு ஆமணக்குக்குப் போச்சு. கொட்டமுத்தைக் காய்ச்சி எடுக்கறதுக்கு "விளக்கெண்ணெய்"னு பேரு வெச்சோம். அந்த ஊர்ல தென்னை இருந்தது, அதை எரிச்சாங்க. நம்ம ஊர்ல ஆமணக்கு இருந்தது, நாம அதை எரிச்சோம். விளக்குக்கு எது கைக்கு எட்டுச்சோ, தோலுக்கும் அதுதான்.

5/ இந்த விஷயத்தை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. எந்த ஊர்லயும் யாரும் பத்து எண்ணெயை வரிசையா வெச்சு சோதிச்சு "இதுதான் தோலுக்கு நல்லது"ன்னு தேர்ந்தெடுக்கலை. வங்காளத்துலயும் பஞ்சாப்லயும் கடுகு விளையுது, அங்க குழந்தைக்குக் கடுகெண்ணெய். இத்தாலியில ஆலிவ் விளையுது, அங்க ஆலிவ் எண்ணெய். நம்ம அப்பத்தா, அமுச்சியெல்லாம் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் தேய்ச்சு, அரப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் குளிச்சாங்க. அரப்புங்கறது உசிலை மர இலை. காட்டுல கிடைச்சது.

6/ "அப்போ பொள்ளாச்சி தேங்காய்?"னு கேப்பீங்க. தென்னை நம்ம பக்கம் முன்னாடியும் இருந்தது. ஆத்தோரம், வாய்க்கா ஓரம், கிணத்துமேட்டுல. ஆனா கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் தோப்புங்கறது சமீபத்துக் காட்சி. மானாவாரி நிலத்துல கடலைக்காய், சோளம், பருத்தின்னுதான் வெள்ளாமை. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்தான் பெரிய திருப்பம். 1960கள்ல அணைகளும் கால்வாயும் வந்துச்சு. தமிழ்நாடு, கேரளா ஒப்பந்தம் 1970-ல கையெழுத்தாச்சு, 1958-ல இருந்தே அமலுக்கு வந்ததாக் கணக்கு.

7/ கால்வாய்த் தண்ணி, அப்புறம் போர், அப்புறம் சொட்டுநீர். கூலிக்கு ஆள் கிடைக்காம வருஷா வருஷம் உழுது விதைக்க முடியாதவங்க தென்னைக்கு மாறுனாங்க. காங்கயம் பக்கம் கொப்பரைக் களங்களும் எண்ணெய் மில்லுகளும் பெருகுச்சு. ஆக, கொங்கு நாட்டுல "பரம்பரை பரம்பரையா தேங்காய் எண்ணெய்"ங்கறது நிறையக் குடும்பத்துல ரெண்டு மூணு தலைமுறைக் கதைதான். இதைச் சொல்றது எண்ணெயைக் குறை சொல்ல இல்லைங்க. வயசை வெச்சு எதையும் நல்லதுன்னு முடிவு பண்ண முடியாதுன்னு சொல்லத்தான்.

8/ இனி சோப்புக்கு வருவோம். தேங்காய் எண்ணெய்ல இருக்கற கொழுப்பு அமிலத்துல கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். இதோட மூலக்கூறு சின்னது. இதுல செஞ்ச சோப்பு தண்ணில சுலபமாக் கரையும், உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும். கப்பல்ல கடல் தண்ணியில குளிக்கறவங்களுக்கு இந்த எண்ணெய்ல தனியா சோப்பே செஞ்சாங்க. சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பழகுன கோயமுத்தூர்க்காரங்களுக்கு இது புரியாது. உப்பேறுன போர் தண்ணில குளிக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, நுரை எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லுவாங்க.

9/ ஐரோப்பாவுல சோப்பு ஆலைகள் பெருசானப்ப நம்ம மேற்குக் கரையோட எண்ணெயும் கொப்பரையும் கப்பல்ல போச்சு. அங்க சோப்பாகித் திரும்பி வந்துச்சு. இங்கயே செஞ்சா என்னன்னு மெட்ராஸ் மாகாண அரசு யோசிச்சது. ஃபிரெட்ரிக் நிக்கல்சன்ங்கற அதிகாரியோட முயற்சியில 1914-ல கோழிக்கோட்டுல அரசாங்க சோப்பு ஆலை வந்துச்சு. 1917-ல டாடா குழுமம் டாடா ஆயில் மில்ஸைத் தொடங்கி, எர்ணாகுளத்துல ஆலை போட்டு கொப்பரை ஆட்டுச்சு. விளக்கு எண்ணெயும் சமையல் எண்ணெயும் குளியல் சாமான் ஆனது இப்படித்தான்.

10/ இந்த இடத்துல ஒரு டாக்டரும் வர்றார். வி.பி. சித்தன், சென்னையில ரயில்வே டாக்டர். ரயில்வேத் தொழிலாளிங்களுக்கு அடிக்கடி தோல் நோய் வர்றதைப் பார்த்து, தன் குடும்பத்து வைத்திய முறையில இருந்த மூலிகைத் தைலத்தை சோப்பா மாத்துனார். 18 மூலிகை, தேங்காய் எண்ணெய். ஆரம்பத்துல வீட்டுலயே மனைவியோட சேர்ந்து செஞ்சது. 1969-ல வந்த அந்தப் பச்சை சோப்புதான் மெடிமிக்ஸ். அவரோட நோயாளிங்க கிரீஸ், கரி, வேர்வையில வேலை செஞ்சவங்க. அவங்களுக்கு முதல் தேவை நல்லாக் கழுவறது.

11/ இங்க ஒரு முக்கியமான வேதியியல். தேங்காய் எண்ணெயைத் தோல்ல பூசினா ஈரப்பதம் நிக்கும். அதே எண்ணெயைக் காரம் சேர்த்து சோப்பாக்கினா அது வேற பொருள். அப்போ அது எண்ணெய்ப் பசையைக் கழுவி எடுத்துட்டுப் போகும். லாரிக் அமிலச் சோப்பு நல்லா நுரைக்கும், அதே அளவுக்குத் தோலையும் காய வைக்கும். "தேங்காய் எண்ணெய்ல செஞ்ச சோப்பு, அதனால தோல் மென்மையாகும்"னு விளம்பரம் பார்த்தா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. மூலப்பொருள் எதுங்கறதோட கேள்வி முடியலை. கடைசியில அது என்னவா ஆயிருக்குங்கறதும் முக்கியம்.

12/ அடுத்த திருப்பம் பாட்டில். தேங்காய் எண்ணெய் ரொம்ப நாள் டின்லதான் வந்துச்சு. மளிகைக் கடைக்காரர் அதுல இருந்து அளந்து ஊத்துவார். 1980கள்ல பாரசூட் எண்ணெயை பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாத்தலாம்னு ஹர்ஷ் மாரிவாலா முயற்சி பண்ணப்ப கடைக்காரங்க ஒத்துக்கலை. காரணம் எலி! முன்னாடி வேற யாரோ கொண்டுவந்த சதுர பாட்டிலை எலி கடிச்சு எண்ணெய் ஒழுகிடுச்சாம். அதனால எலி பல்லு பதியாத மாதிரி உருண்டையா பாட்டில் செஞ்சு, கூண்டுல எலிகளோட விட்டுக் காட்டி நம்ப வெச்சாங்க. இதை அவரே பல மேடையில சொல்லியிருக்கார்.

13/ பாட்டில் வந்ததும் ஒரு புதுச் சிக்கல். டின்ல இருக்கறப்ப எல்லாருக்கும் அது எண்ணெய், அவ்வளவுதான். கையடக்க பாட்டில்ல, அலமாரியில பவுடர் பக்கத்துல வந்து நின்னதும் வரி அதிகாரி கேட்டார்: "இது சமையல் சாமானா, அழகு சாமானா?" 2009 ஜூன்ல மத்திய கலால் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு: 200 மில்லிக்குக் கீழ இருந்தா அது தலைக்கு எண்ணெய். 2015 அக்டோபர்ல அதே வாரியம் அதைத் திரும்ப வாங்கிக்கிச்சு.

14/ சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கோட பேரு நமக்குப் பக்கத்து ஊரு: சேலம் மத்திய கலால் ஆணையர் எதிர் மதன் ஆக்ரோ இண்டஸ்ட்ரீஸ். 2018-ல ரெண்டு நீதிபதி அமர்வு ரெண்டாப் பிரிஞ்சுது. ரஞ்சன் கோகோய் சமையல் எண்ணெய்னார், ஆர். பானுமதி தலைக்கு எண்ணெய்னார். 2024 டிசம்பர் 18-ல தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா, சஞ்சய் குமார், ஆர். மகாதேவன் மூணு பேர் அமர்வு முடிவு சொல்லுச்சு: சின்ன பாட்டில்ங்கற ஒரே காரணத்துக்காக சுத்தமான தேங்காய் எண்ணெயைத் தலைக்கு எண்ணெய்னு சொல்ல முடியாது. லேபிள்ல அப்படிப் போட்டு வித்தா அது வேற விஷயம்.

15/ அப்போ ஜி.எஸ்.டி.யில சமையல் எண்ணெய்க்கு 5%, தலைக்கு எண்ணெய்க்கு 18%. தீர்ப்பு வந்து ஒன்பது மாசம்தான் ஆச்சு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தலைக்கு எண்ணெய்க்கும் 5%னு ஆக்கிட்டாங்க. இனிமேல் தோசைக்கல்லுல ஊத்தினாலும் தலையில ஊத்தினாலும் ஒரே வரி! ஆனா கோர்ட்டு பார்த்தது லேபிளை. தோலுக்கு லேபிள் தெரியாது. நோயாளி கேக்கற கேள்விக்கு, அதாவது "இது என் தோலுக்கு நல்லதா?"ங்கறதுக்கு, பதில் வேற இடத்துல இருந்து வந்துச்சு.

16/ அந்தப் பதில் ரொம்பப் புதுசுங்க. 2004-ல பிலிப்பைன்ஸ்ல ஒரு ஆய்வு. அதுவும் தென்னை நாடுதான். தோல் வறட்சி இருக்கற 34 பேர். பாதிப் பேருக்கு விர்ஜின் தேங்காய் எண்ணெய், பாதிப் பேருக்கு மினரல் ஆயில். யாருக்கு எதுன்னு தேய்ச்சவங்களுக்கும் தெரியாது, பார்த்தவங்களுக்கும் தெரியாது. ரெண்டு வாரத்துல ரெண்டு கூட்டத்துக்கும் வறட்சி கிட்டத்தட்ட ஒரே அளவுக்குக் குறைஞ்சது. அதாவது "கெமிக்கல்"னு நாம பயப்படற மினரல் ஆயிலுக்கு இது சமம். அதைவிட மேல்னு அந்த ஆய்வு சொல்லலை.

17/ 2014-ல அதே நாட்டுல இன்னொரு ஆய்வு. அடோபிக் எக்ஸிமா, அதாவது பரம்பரையா வர்ற அரிப்புக் கரப்பான், லேசாவும் நடுத்தரமாவும் இருந்த 117 குழந்தைங்க. எட்டு வாரம். நோயோட தீவிரத்தை அளக்கற ஸ்கோர் தேங்காய் எண்ணெய் கூட்டத்துல 68%, மினரல் ஆயில் கூட்டத்துல 38% குறைஞ்சது. இந்தக் குழந்தைங்க தோல்ல ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அதிகமா இருக்கும். லாரிக் அமிலத்துலயும் மோனோலாரின்லயும் அந்தக் கிருமியை அடக்கற தன்மை இருக்கு. அதனால இங்க தேங்காய் எண்ணெய் ஒரு படி மேல போச்சு. ஆய்வு நடந்தது விர்ஜின் எண்ணெய்ல, கொப்பரை எண்ணெய்ல இல்லைங்கறதையும் கவனிங்க.

18/ முடிக்கு? 2003-ல வந்த ஆய்வு ஒண்ணு, தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கி புரதம் இழக்கறதைக் குறைக்குதுன்னும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யலைன்னும் காட்டுச்சு. அதைச் செஞ்சது எண்ணெய் விக்கற மாரிக்கோ கம்பெனியோட ஆராய்ச்சிப் பிரிவு. அதனால அது பொய்னு ஆகிடாது. யார் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் படிக்கணும், அவ்வளவுதான். அதோட, முடி உடையாம இருக்கறது வேற, புதுசா முடி முளைக்கறது வேற. முளைக்க வைக்கும்னு அந்த ஆய்வு சொல்லலை.

19/ இப்போ மறுபக்கம். நூத்தாண்டுகளா வடக்குல குழந்தைக்குத் தேய்க்கற கடுகெண்ணெய் சோதனையில தேறலை. 2002-ல எலித் தோல்ல செஞ்ச ஆய்வுல, சேதமான தோல் தடுப்புச் சுவர் சரியாகறதை அது தாமதப்படுத்துச்சு. சூரியகாந்தி எண்ணெய் வேகப்படுத்துச்சு. 2013-ல இங்கிலாந்துல பெரியவங்க கையில பூசிப் பார்த்தப்ப ஆலிவ் எண்ணெய் தோலோட தடுப்புச் சுவரைப் பலவீனமாக்குச்சு. ரெண்டுமே இயற்கைதான். ரெண்டுமே பாரம்பரியம்தான்.

20/ சோதிச்சதால உயிரே காப்பாத்தப்பட்ட கதையும் இருக்கு. டாக்கா குழந்தைகள் மருத்துவமனையில, 33 வாரத்துக்கு முன்னாடியே பிறந்த குழந்தைங்களுக்கு சூரியகாந்தி எண்ணெய் பூசிப் பார்த்தாங்க. மாசம் முழுசாகாத குழந்தையோட தோல் காகிதம் மாதிரி, கிருமி அது வழியா ரத்தத்துக்குள்ள போயிடும். எண்ணெய் பூசுன குழந்தைங்களுக்கு ஆஸ்பத்திரியில தொத்தற ரத்தக் கிருமித்தொற்று 41% குறைஞ்சது. 2005-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. சூரியகாந்தி வங்காளத்தோட பாரம்பரிய எண்ணெய் கிடையாது. பாட்டி சொன்னதை மட்டும் கேட்டிருந்தா அங்க கடுகெண்ணெய்தான் பூசியிருப்பாங்க.

21/ நம்ம ஊர்ப் பழக்கத்துல ஒண்ணு நேரடியா ஆபத்து. குழந்தையைக் குளிப்பாட்டறப்ப மூக்குல, வாயில எண்ணெய் விடறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனா ஒரு வகை நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைங்களுக்கு இப்படி வந்ததைப் பத்தி 1973-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்திருக்கு. அரை நூத்தாண்டு ஆச்சு. இன்னும் சில வீடுகள்ல நடக்குது. எண்ணெய் தோலுக்கு மட்டும். மூக்கு, காது, தொப்புள், கண் எதுலயும் வேண்டாம். குளிப்பாட்டறவங்க பெரியவங்களா இருந்தாலும் பணிவா, ஆனா உறுதியாச் சொல்லிடுங்க.

22/ அப்போ யாரு தேங்காய் எண்ணெய் தேய்க்கலாம்?
• வறண்ட தோல், குறிப்பா வயசானவங்க கை கால்.
• லேசான எக்ஸிமா இருக்கற குழந்தை. டாக்டர் கொடுத்த மருந்தோட சேர்த்து, மருந்துக்குப் பதிலா இல்லை.
• சர்க்கரை நோயாளிங்க கால் வெடிப்புக்குப் பூசலாம். விரல் இடுக்குல வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். புண் இருந்தா எண்ணெயே வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

23/ யாருக்கு வேண்டாம்?
• பரு வர்ற முகம். தலையில அதிகமா எண்ணெய் வெச்சு நெத்தியில வர்ற பருவுக்கு 1970-ல அமெரிக்க டாக்டருங்க "பொமேட் ஆக்னி"ன்னு தனிப் பேரே வெச்சாங்க.
• செதில் செதிலா வர்ற பொடுகு. அந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்னுதான் வளருது, ராத்திரி முழுக்க எண்ணெய் வெக்காதீங்க.
• படர்தாமரை. எண்ணெய்ல போகாது, வீட்டுல எல்லாருக்கும் பரவும்.
• தீக்காயம். 20 நிமிஷம் ஓடற குழாய்த் தண்ணிதான் முதலுதவி.
• வெயிலுக்கு சன்ஸ்கிரீனா நம்பாதீங்க. தோப்பு நிழல் வேற, தேங்காய் எண்ணெய் வேற.

24/ இந்த எண்ணெய் நல்லதுன்னு எனக்குத் தைரியமாச் சொல்ல முடியுது. காரணம், யாரோ 34 பேரையும் 117 குழந்தைங்களையும் வெச்சு, எது எந்த பாட்டில்னு மறைச்சு, பொறுமையா அளந்து பார்த்திருக்காங்க. யாருக்கு உதவும்னு தெரிஞ்சதே இந்த மாதிரி வேலையாலதான். அடுத்த தடவை "100% இயற்கை"ன்னு ஒரு கிரீமை யாராவது விக்க வந்தா மூணே கேள்வி கேளுங்க: எந்தத் தோலுக்கு? எதோட ஒப்பிட்டுப் பார்த்தீங்க? எத்தனை பேருக்கு?

25/ ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற மாசத்துலயும், மார்கழிப் பனியிலயும் தோல் வெடிக்கறவங்களுக்கு ஒரு வழி. குளிச்சு முடிச்சு ஈரத்தை ஒத்தி எடுத்ததும், மூணு நிமிஷத்துக்குள்ள, உள்ளங்கையில கொஞ்சமா எடுத்துப் பூசுங்க. குளிக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சு சோப்புப் போட்டுக் கழுவிட்டா பூசுனதுல முக்கால்வாசி தண்ணியோட போயிடும். கேள்வி இருந்தா கீழ கேளுங்க. படம் அனுப்பி மருந்து பேரு மட்டும் கேக்காதீங்க, தோலை நேர்ல பார்க்கணும். வீட்டுல கைக்குழந்தை இருக்கறவங்களுக்கு 21-ஆவது பதிவை மட்டுமாவது அனுப்பி வெச்சிருங்க.